சன்மைக்கா ஏன் இவ்வளவு நாள் உழைக்கிறது?

பெங்களூரில் புது ஃப்ளாட்டுக்கு வார்ட்ரோப், கிச்சன் செய்யும்போது "ஹெச்.பி.எல். போடலாமா?" என்று கேட்பார்கள். ஹை பிரஷர் லாமினேட் என்பதன் சுருக்கம் அது. நம் வீடுகளில் பல காலமாகச் சன்மைக்கா என்று சொல்கிறோமே, அந்த வகைதான்.

பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி காகிதம். அடியில் ஃபீனாலிக் என்ற செயற்கைப் பிசினில் ஊறிய கிராஃப்ட் காகித (உறுதியான பழுப்புக் காகிதம்) அடுக்குகள், மேலே மெலமின் என்ற இன்னொரு செயற்கைப் பிசினில் ஊறிய டிசைன் காகிதம். சாதாரண ஷீட்டின் வெட்டிய ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள், கிராஃப்ட் காகிதம் பழுப்புக் கோடாகத் தெரியும்.

இந்த அடுக்குகளை 120 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 கிலோவோ அதற்கு மேலோ அழுத்தம் கொடுத்து இறுக்குகிறார்கள். பிசின் உருகி, காகித இழைகளுக்குள் புகுந்து, வேதிமாற்றம் அடைந்து கெட்டியாகிவிடும். வெந்த இட்லி திரும்ப மாவாகாது இல்லையா? அதேபோல இந்தப் பிசினும் மறுபடி சூடுபட்டால் இளகாது. மேலே இருக்கும் மெலமின் நல்ல கடினமானது. அதனால் கீறல் சுலபத்தில் விழாது, சாம்பார் கறையும் துடைத்தால் போய்விடும்.

அப்புறம், சன்மைக்கா ஒட்டினாலே முழு அலமாரியும் வாட்டர்ப்ரூஃப் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீரைத் தடுப்பது மேல்பரப்பு மட்டும்தான், ஓரம் சரியாக மூடாவிட்டால் உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி உப்பிவிடும்.