எஞ்சின் சிறிதானால் விலையும் இறங்குமா? புது டர்போ சொகுசு செடானுக்குக் காத்திருப்பவருக்கு

கேள்வி: பத்து வருடமாக ஆறு சிலிண்டர் சொகுசு செடான் ஒன்றை ஓட்டுகிறேன். டர்போ கிடையாது. அதே காரின் புதிய தலைமுறை வரப்போகிறது, இனி எல்லாமே டர்போதானாம். அடிப்படை மாடலில் 2 லிட்டர் நான்கு சிலிண்டர், அதற்கு மேல் 3 லிட்டர் ஆறு சிலிண்டர். விலை இன்னும் அறிவிக்கவில்லை. எஞ்சினைக் குறைத்துவிட்டார்களே, விலையையும் நியாயமாக வைப்பார்கள் என்று நம்புகிறேன். நம்பலாமா? இப்போதே புக்கிங் செய்யலாமா, பொறுக்கலாமா? விலை நியாயமானதுதானா என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டா?

பதில்: முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சிறிதானதால் விலை இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது கேள்விக்கு: பொறுங்கள், முடிந்தால் ஒரு வருடம். மூன்றாவதுதான் நல்ல கேள்வி, அதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

இரண்டு சிலிண்டர் குறைந்தால் இரும்பும் அலுமினியமும் மிச்சம்தான். ஆனால் அந்த இடத்தில் என்னென்ன வந்து உட்காருகிறது பாருங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் கொதிக்கும் புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஒரு டர்பைன், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ ஓடுவது இதை வைத்துத்தான். அதற்குத் தனியாக எண்ணெய் வழி, தண்ணீர் வழி. அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்ச உயர் அழுத்த பம்ப். நான்கு சிலிண்டரின் அதிர்வை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட். இப்போது பல மாடல்களில் 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிடும், அதாவது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மின்மோட்டாரும், சேர்ந்துகொள்கிறது. கூட்டிக் கழித்தால் தயாரிப்பாளருக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

அப்படியானால் ஏன் மாற்றினார்கள்? வரியும் புகை விதிகளும்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல், ஒரு நிறுவனம் விற்கும் புதுக் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்று இலக்கு வைத்தது. சீனாவின் நுகர்வு வரி எஞ்சின் அளவைப் பார்த்து ஏறுகிறது: ஒன்றரையிலிருந்து 2 லிட்டர் வரை 5 சதவீதம், 2.5 வரை 9, 3 லிட்டர் வரை 12, 4 லிட்டரைத் தாண்டினால் 40. இப்போது சொகுசு செடான்களின் எஞ்சின் அளவுகளைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ 1998 சிசி, ஆடி 1984, மெர்சிடிஸ் முன்பு 1991, இப்போது 1999, வோல்வோ 1969. எல்லாரும் 2000 சிசி, அதாவது 2 லிட்டர் என்ற கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்கிறார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே எஞ்சின் என்று முடிவு செய்தபின், இந்த வரி விதிகள் இல்லாத ஊர்க்காரருக்கும் அதே 2 லிட்டர்தான் வந்து சேரும்.

சரி, விலையை எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்? தன் வரிசையில் கீழே என்ன இருக்கிறது, மேலே என்ன இருக்கிறது, எதிராளியின் கார் எங்கே நிற்கிறது, இந்த மூன்றையும் வைத்து. எஞ்சினின் அடக்கவிலை அதில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கும். பிஎம்டபிள்யூ 3 சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் விற்பனைக்கு வந்த தலைமுறையில் 320ஐ, 330ஐ இரண்டிலும் இருப்பது அதே 1998 சிசி குடும்பத்து எஞ்சின்தான். ஒன்று 184 குதிரைத்திறன், மற்றது 258. மென்பொருள் மட்டுமல்ல, சில பாகங்களும் மாறும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாகங்களின் செலவுக்கும் இரண்டு காரின் விலை வித்தியாசத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. அதேபோல ஆடியின் 2 லிட்டர் டர்போ இருக்கிறதே, அந்த இஏ888 குடும்பத்து எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயிலும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலும் ஓடுகிறது. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. நீங்கள் பணம் கொடுப்பது சஸ்பென்ஷனுக்கு, உள்ளே இருக்கும் அமைதிக்கு, இருக்கைக்கு, முன்னால் இருக்கும் சின்னத்துக்கு. அது தெரிந்து கொடுத்தால் சரி.

பெயர்ப் பலகையையும் நம்பாதீர்கள். 330 என்று எழுதியிருந்தால் 3 லிட்டர் என்று இருந்த காலம் போய்விட்டது. ஆடி 2017-லிருந்து எஞ்சின் அளவை விட்டுவிட்டு, சக்தியைக் குறிக்கும் 35, 40, 45 என்ற எண்களைப் போட ஆரம்பித்தது. பிஎம்டபிள்யூ ‘ட்வின்பவர் டர்போ’ என்று போட்டிருந்தால் இரண்டு டர்போ என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் இருப்பது ஒன்றுதான். ஷோரூமில் சிலர் இதை இரண்டு என்றே சொல்லி விற்பார்கள்! ஆக, போன தலைமுறையில் இதே எண் இந்த விலைக்குக் கிடைத்ததே என்று ஒப்பிட்டால் தவறான விடைதான் வரும்.

உண்மையிலேயே குறைந்த விலையோடு வருகிறவர்கள் யார் என்றால், புதிதாக உள்ளே நுழைகிறவர்கள். 1989-ல் லெக்சஸ் எல்எஸ் 400 அமெரிக்காவில் ஜெர்மானியர்களை விட வெகு குறைந்த விலைக்கு இறங்கி எல்லாரையும் கலங்கடித்தது. 2017-ல் ஜெனிசிஸ் ஜி70-ம், அதே குழுமத்தின் கியா ஸ்டிங்கரும் 3.3 லிட்டர் இரட்டை டர்போவோடு அதே வழியில் வந்தன. இடம் பிடித்துவிட்ட நிறுவனத்துக்கு அந்தத் தேவை இல்லை. 2022-ல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-ல் எட்டு சிலிண்டரை எடுத்துவிட்டு, 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவும் மின்மோட்டாரும் வைத்து 680 குதிரைத்திறன் கொடுத்தார்கள். விலை குறையவில்லை, ஏறியது. காகிதத்தில் எல்லா எண்ணும் கூடியிருந்தும் பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். சந்தை விலையை ஏற்க மறுப்பது இப்படித்தான், காசோலையை எடுக்காமல்.

ஆனால் மலிவாக வந்தவர்கள் பக்கம் அப்படியே சாய்ந்துவிடாதீர்கள். ஸ்டிங்கர் 2023-ல் நின்றுவிட்டது. 400 குதிரைத்திறன் வரை கொடுத்த இன்ஃபினிட்டி க்யூ50 2024-ல் முடிந்தது. அக்யுரா டிஎல்எக்ஸ் 2025-ல். மூன்றுமே நியாய விலைக்கு டர்போ ஆறு சிலிண்டர் கொடுத்தவை. மக்கள் எஸ்யூவி பக்கம் போனதில் இவைதான் முதலில் அடிபட்டன. நிறுத்தப்பட்ட மாடலுக்கு மறுவிற்பனை விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் பழைய காரை வாங்கியபோது கொடுத்த விலையை எடுங்கள். அதை இன்றைய புதுக் காரின் விலையோடு அப்படியே வைத்துப் பார்ப்பது அநியாயம், பணவீக்கத்தைச் சேர்க்க வேண்டும். வருடத்துக்கு 3 சதவீதம் என்றால் பத்து வருடத்தில் 100 ரூபாய் 134 ஆகிறது, 4 சதவீதம் என்றால் 148. உங்கள் நாட்டு விகிதம் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அன்று தனிக் காசு கொடுத்து வாங்கிய எத்தனை வசதிகள் இன்று கூடவே வருகின்றன என்று பாருங்கள். தானியங்கி பிரேக், எல்இடி விளக்கு, பின்பக்கக் கேமரா இவையெல்லாம். இதையும் சேர்த்தபின் புது விலை அந்தத் தொகைக்கு உள்ளே இருந்தால், வாய் விட்டுக் குறை சொல்ல இடமில்லை. பத்து சதவீதம் தாண்டினால் பேரம் பேச உங்களுக்குக் காரணம் இருக்கிறது. இருபதைத் தாண்டினால் நான் வேறு கடை பார்ப்பேன்.

அறிவிக்கப்படும் விலை அடிப்படை மாடலுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். அது 100 என்றால், உங்களுக்கு வேண்டிய இருக்கை, ஒலி அமைப்பு, நல்ல சஸ்பென்ஷன் எல்லாம் போட்டால் எளிதாக 120, 125-க்குப் போய் நிற்கும். நிறுவனங்கள் அடிப்படை விலையை அடக்கமாக வைத்துவிட்டு வேண்டியதையெல்லாம் பேக்கேஜுக்குள் தள்ளுவது பழைய உத்தி. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பொருளாக இருக்கும், அது மூன்றாவது பேக்கேஜில் இருக்கும், அதை வாங்க முதல் இரண்டையும் வாங்க வேண்டியிருக்கும். விற்கும்போது அந்த 20, 25-ல் பெரும்பகுதி காணாமல் போகும். சந்தா வசதிகளையும் கேளுங்கள். பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கே மாதச் சந்தா கேட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த வருடம் கைவிட்டது. எந்த வசதி எத்தனை வருடத்துக்கு இலவசம், அதன்பின் எவ்வளவு என்பதையும் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

பொதுவாக எல்லாருக்கும் நான் சொல்வது, வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள், இழக்கும் விலையைப் பாருங்கள் என்பது. 100-க்கு வாங்கிய கார் நான்கு வருடத்தில் 55-க்குப் போனால் இழப்பு 45. 90-க்கு வாங்கியது 40 சதவீதம் மட்டுமே தங்கி 36-க்குப் போனால் இழப்பு 54. மலிவாக வாங்கியவர்தான் அதிகம் செலவழித்தவர். ஆனால் நீங்கள் பத்து வருடம் வைத்திருக்கிற ஆள். அவ்வளவு காலத்துக்குப் பின் எந்தக் காரும் சொற்ப விலைக்குத்தான் போகும். உங்களுக்கு வாங்கும் விலையும், வாரண்டி முடிந்தபின் வரும் செலவும்தான் முக்கியம்.

அந்தச் செலவில் உங்கள் பழைய காருக்கும் புதியதற்கும் வித்தியாசம் உண்டு. டர்போவுக்கு எண்ணெய்தான் உயிர். சூட்டில் பழைய எண்ணெய் கரியாகி வழியை அடைத்தால் டர்பைன் போய்விடும். நிறுவனம் சொல்லும் சர்வீஸ் இடைவெளி மூன்று வருடத்தில் காரை மாற்றுகிறவருக்குப் போதும், நீங்கள் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நேரடி பீய்ச்சல் எஞ்சின்களில் உள்வால்வு மேல் பெட்ரோல் படாததால் கரி படியும், சில வருடங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டி வரலாம். எந்த ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறது என்றும் பாருங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டிக்கு ஆகும் தொகையையும் சேர்த்தால்தான் உங்கள் நிஜ விலை.

நான்கா, ஆறா? ஊருக்குள் ஓட்ட 2 லிட்டர் தாராளம். 330ஐ-யின் 400 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, நிமிடத்துக்கு 1550 சுற்றிலேயே கிடைத்துவிடும், உங்கள் பழைய ஆறு சிலிண்டர் அந்தச் சுற்றில் இன்னும் விழித்தே இருக்காது. மைலேஜும் நிதானமாக ஓட்டினால் நன்றாக வரும், மிதித்தால் வராது. ஆனால் அந்த ஆறு சிலிண்டரின் பட்டு போன்ற ஓட்டத்தை நான்கில் எதிர்பார்க்க முடியாது. பத்து வருடம் பழகிய காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். என் கணக்கு இது: ஆறுக்கு 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்டால், பெரிய சக்கரம், கண்ணாடிக் கூரையையெல்லாம் விட்டுவிட்டு எஞ்சினை எடுங்கள். 25-ஐத் தாண்டினால் நான்கே போதும். நடுவில் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏன் ஒரு வருடம் என்கிறேன்? அறிமுகமான முதல் மாதங்களில் வருவது எல்லா வசதியும் ஏற்றிய மாடல்கள், ‘முதல் பதிப்பு’ வகையறா. தள்ளுபடி என்ற பேச்சே இருக்காது. மென்பொருள் கோளாறுகளும் அந்த முதல் தொகுதியில்தான் தலைகாட்டும். வருடம் ஒன்று ஓடினால் ஸ்டாக் சேரும். செடான் வாங்க வரிசை நிற்கும் காலம் இது இல்லை என்பதால் காலாண்டு முடிவில் டீலர் இறங்கி வருவார். டீலர் ஓட்டிக்காட்டப் பயன்படுத்திய கார்களும் அப்போது வெளியே வரும், முழு வாரண்டி மிச்சமிருந்தால் அவை நல்ல பேரம். மூன்று நான்கு வருடத்தில் ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே காரைச் சற்றுப் புதுப்பித்த பதிப்பு, வரும், அதற்கு முந்தைய மாதங்களில் இன்னும் இறங்கும். அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. உங்கள் காரின் இப்போதைய தலைமுறையில் விற்காமல் நிற்கும் கடைசி ஆறு சிலிண்டர் கார்களைக் கேட்டுப் பாருங்கள். புதியது வரும் முன் அவற்றைத் தள்ளிவிட டீலர் துடிப்பார். மூன்று வருடத்தில் விற்கிறவருக்கு அது முட்டாள்தனமான யோசனை, உங்களுக்கு அப்படி இல்லை. தயாரித்த மாதத்தையும் டயரின் தேதியையும் மட்டும் பார்த்துவிடுங்கள்.

பேரத்தில், காரின் விலை, பழைய காருக்குக் கொடுக்கும் தொகை, கடன் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். மாதத் தவணையை மட்டும் சொல்லி வருடத்தை நீட்டுவார்கள், சிறிய எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட வேண்டாம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள், இரண்டு டீலர்களிடம். விலை அறிவிக்கும் முன்பே முன்பணம் கட்டச் சொன்னால், கேட்டதும் முழுதாகத் திருப்பித் தருவோம் என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் கட்டுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.