பையன் மக் பிரிண்டிங் மெஷின் கேக்குறானா? நகைய வைக்கிறதுக்கு முன்னாடி இத படிங்கம்மா

அம்மா, நீங்க அனுப்புன மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். தம்பி பி.காம் முடிச்சிட்டு வேலைக்கு போக மாட்டேங்குறான், கப்புல போட்டோ போடுற மெஷின் வாங்கித்தாங்கன்னு ஒத்த கால்ல நிக்கிறான், நகைய அடகு வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்ப வைக்காதீங்க. அவன் ஆசை தப்புன்னு சொல்ல வரல, இந்த தொழில்ல நெஜமாவே வழி இருக்கு, ஆனா அவன் வீடியோவுல பாத்தது அதோட வாசப்படி மட்டும்தான், உள்ள இருக்குற வீட்ட இன்னும் பாக்கல.

அவன் சொல்ற மெஷினுக்கு பேரு சப்ளிமேஷன் பிரஸ். தனி பேப்பர்ல படத்த கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி பிரிண்ட் எடுத்து, மக்கை சுத்தி டேப் போட்டு ஒட்டி, 180ல இருந்து 200 டிகிரி சூட்டுல கொஞ்ச நேரம் அழுத்தி வெச்சா, மை தண்ணியாகாம நேரா ஆவியாகி மக் மேல இருக்குற பாலியஸ்டர் கோட்டிங்குக்குள்ள போய் உக்காந்துக்கும். கவனிங்க, மை இறங்குறது அந்த கோட்டிங்லதான், பீங்கான்ல இல்ல. அதனாலதான் உங்க வீட்டு காபி கப்புல அத போட முடியாது, கோட்டிங் போட்ட மக்கை தனியா வாங்கணும். அலுமினிய தகடு, ஸ்டீல் பாட்டில், கண்ணாடி டம்ளர் எல்லாத்துக்கும் இதே கததான். கோட்டிங் மட்டமா இருந்தா நல்ல மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்ல. நான் ஒரு ஃபேர்வெல்லுக்கு மொத்தமா ஆர்டர் குடுத்து வாங்குன மக்ல, கம்பி நார் போட்டு தேச்சவங்க வீட்ல எல்லாம் பசங்க முகம் சில மாசத்துலயே வெளுத்துப் போச்சு, ஒவ்வொருத்தரும் போன் பண்ணி சொன்னப்ப எனக்கு மனசே கேக்கல.

இந்த வேலைய ஒரு வாரத்துல கத்துக்கலாம், அதுதான் இதுல இருக்குற சிக்கலும். அவன் ஒரு வாரத்துல கத்துக்கிட்டா பக்கத்து தெரு பையனும் ஒரு வாரத்துல கத்துக்குவான், அப்புறம் ரெண்டு பேரும் வெலைய கொறச்சு கொறச்சு ரெண்டு பேருக்கும் கட்டாம போயிடும்.

நான் தம்பிய பாக்க சொல்றது டீக்கால் வேலைய, அதாவது படத்த பேப்பர்ல அச்சடிச்சு, பீங்கான் மேல ஒட்டி, சூளையில சுட்டுப் பதிக்கிறது. அதுல சாதா மை கெடையாது, உலோக ஆக்சைடு கலரும் நைசா அரைச்ச கண்ணாடித் தூளும் கலந்த மை. அத பசை பூசுன பேப்பர்ல ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்ணி, கலருக்கு ஒரு ஸ்க்ரீன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி, கடைசில மேல வார்னிஷ் மாதிரி ஒரு லேக்கர் பூசுவாங்க. தண்ணில ஊறப்போட்டா பசை கரைஞ்சு படம் தோல் மாதிரி நழுவி வரும், அத தட்டு மேல வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு ரப்பரால தள்ளித் தள்ளி தண்ணியையும் காத்தையும் வெளிய எடுக்கணும், இந்த தள்ளுறதுலதாம்மா கைவேலையே இருக்கு. துளி தண்ணி உள்ள நின்னா சூளையில அது ஆவியாகி படத்த பிச்சுக்கிட்டு வெளிய வரும், வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். ராத்திரி பூரா காயவிட்டுத்தான் சூளையில வைக்கணும், முதல்ல லேக்கர் எரிஞ்சு பொகையா போற வரைக்கும் காத்து வழி தெறந்து இருக்கணும், அப்புறம் மெதுவா 750ல இருந்து 850 டிகிரிக்கு ஏத்துனா கிளேஸ், அதாவது பீங்கான் மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சு, இளகி கலர் அதுலயே பதிஞ்சிடும். அதுக்கப்புறம் நார் போட்டு தேய்ச்சாலும் சுலபத்துல போகாது. கண்ணாடி டம்ளருக்கு அதே சூடு வெச்சா டம்ளரே வளைஞ்சிடும், 600 டிகிரி பக்கத்துல நிறுத்தணும், அதுக்கு மையும் வேற. எனாமல் பூசுன இரும்புத் தட்டுக்கும் இந்த மாதிரி சுட்டுப் பதிக்கலாம். நீலம் அடங்கிப் போற கலர், சிவப்பு ரொம்ப கோவக்கார கலர், சூடு கொஞ்சம் கூடுனாலும் நிறம் செத்துடும். இதெல்லாம் சூளை பக்கத்துல மாசக்கணக்குல நின்னாத்தான் கைக்கு வரும். கல்லறையில வெக்கிற பீங்கான் போட்டோ பாத்திருப்பீங்க, வெயில் மழை எல்லாம் தாங்கி வருஷக்கணக்கா நிக்கிது, அது இப்படி சுட்டு எடுத்ததாலதான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க, சிவப்பு மஞ்சள் மைல காட்மியம்ங்கிற விஷ உலோகம் இருக்கலாம், சில மைல ஈயமும் இருக்கும். சாப்பாடு படுற எடத்துலயும் உதடு படுற விளிம்புலயும் கண்ட மையையும் போடக்கூடாது, சப்ளையர்கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்கணும். குழந்தைங்க பால் குடிக்கிற கப்பு அது. இப்ப சூடே இல்லாம ஒட்டுற யுவி ஸ்டிக்கர் வேற வந்திருக்கு, கண்ணாடி ஸ்டீல் எல்லாத்துலயும் ஒட்டும், பாக்க பளபளன்னு இருக்கும், பாட்டில் வெளிப்பக்கத்துக்கு போதும், அதயும் வாய் வெக்கிற எடத்துல வேண்டாம்.

எங்க கத்துக்குறதுன்னா, விருத்தாசலத்துல பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே அரசு டிப்ளமோ காலேஜ் இருக்கு, ஊர சுத்தி பொம்மை, பீங்கான் யூனிட்டுகளும் இருக்கு. தம்பி டிகிரி முடிச்சிட்டதால மறுபடி டிப்ளமோ படிக்கணும்னு நான் சொல்லல, அங்க ஒரு யூனிட்ல ஆறு மாசம் சம்பளம் கம்மியா இருந்தாலும் நிக்கட்டும். வெளியூர் போக தயார்னா உத்தரப்பிரதேசத்துல குர்ஜா, ஊரே கப்பு சாசர்ல பொழைக்கிற ஊரு, கொல்கத்தால இருக்குற மத்திய கண்ணாடி பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தோட கிளையும் அங்க இருக்கு. ஸ்க்ரீன் பிரிண்டிங் கை பழகணும்னா சிவகாசிய விட்டா வேற எங்க.

பணத்துக்கு நகைதான் வழின்னு இல்ல. மாவட்ட தொழில் மையத்துல பிஎம்இஜிபி லோன் பத்தி விசாரிங்க, புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கான மத்திய அரசு திட்டம் அது, எந்த பிரிவு, கிராமமா டவுனாங்கிறத பொறுத்து 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் மானியம் உண்டு. ஆனா கேக்கும்போது கையில ஒரு கணக்கு இருக்கணும், அங்கதான் அவன் படிச்ச பி.காம் வேலைக்கு வருது. படிப்பு வீணாயிடுச்சேன்னு அழுதிருக்கீங்க, அழாதீங்கம்மா. பத்து மக்ல ஒண்ணு ஒடைஞ்சா அந்த ஒண்ணோட காச மீதி ஒம்பது மேல எப்படி ஏத்துறதுன்னு தெரியாமதான் நெறைய பேரு கடைய மூடுறாங்க, அந்த கணக்கு உங்க பையனுக்கு தெரியும்.

அடுத்த வாரம் அவனையும் கூட்டிட்டு வாங்க, முடிஞ்சா நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, நான் அவன்கிட்ட தனியா பேசுறேன். வரும்போது ஒரு மக் பிரிண்டிங் கடையில ஒரு நாள் பூரா நின்னு, எத்தன மக் போட்டாங்க, எத்தன வீணாச்சு, வந்தவங்க என்ன ஆர்டர் குடுத்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வர சொல்லுங்க.