பச்சை மிளகாய் இல்லையென்றால் வர மிளகாயோ மிளகாய்த்தூளோ போடலாமா? எவ்வளவு?

சமையல் குறிப்பில் ‘பச்சை மிளகாய் 4’ என்று இருக்கிறது, வீட்டில் வர மிளகாயும் தூளும்தான் இருக்கின்றன, எந்தக் கணக்கில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லவில்லை. பதிலே அதை வைத்துத்தான்.

காரம் மட்டும் போதும் என்றால் சுலபம். கீறிப் போட்ட நான்கு பச்சை மிளகாய்க்கு, கிள்ளிப் போட்ட இரண்டு மூன்று வர மிளகாய் அல்லது அரை டீஸ்பூன் தனி மிளகாய்த்தூள் போட்டு ஆரம்பியுங்கள். பற்றாவிட்டால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். மூன்று சம்பா மிளகாயை அரைத்தால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் தூள் வரும். அப்படியானால் அரை டீஸ்பூனுக்கு ஒன்றரை மிளகாய்தானே என்று தோன்றும். ஆனால் தாளிப்பில் முழுதாக விழும் மிளகாய் தன் காரத்தில் கொஞ்சத்தைத்தான் விடும். கிள்ளினால் கூடும், தூளாக்கினால் மொத்தமும் இறங்கிவிடும். காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் காரத்தைத் தருகிற கேப்சைசின் என்ற பொருள் அதிகம் இருப்பது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில். அதனால் காரத்தைக் குறைக்க விதையை மட்டும் உதறினால் போதாது, நரம்பையும் வழித்தெடுக்க வேண்டும்.

வாசனையைத்தான் மாற்ற முடியாது. பச்சை மிளகாயை நறுக்கும்போது வருகிற அந்தப் பசுந்தழை மணம், காயும்போதே போய்விடுகிறது. அவியல், சொதி, மோர்க்குழம்பு, தயிர்ப்பச்சடி எல்லாம் அந்த மணத்தை நம்பி இருப்பவை. இவற்றில் தூள் போடவே போடாதீர்கள். நிறம் கெடுவது ஒரு பக்கம். இவற்றில் தூளை எண்ணெயில் வதக்க இடமே இல்லை என்பதால் பச்சை நெடி கடைசிவரை தொண்டையில் நிற்கும். சொதிக்கு இஞ்சிச்சாற்றைக் கொஞ்சம் கூட்டி, கொரகொரப்பாக இடித்த மிளகு சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். உப்புமாவுக்கும் தயிர் சாதத்துக்கும் மோர் மிளகாயைப் பொரித்து நொறுக்கிப் போடுங்கள், உப்பைக் குறைத்துக்கொண்டு. தேங்காய்ச் சட்னிக்கு வர மிளகாயை ஒரு சொட்டு எண்ணெயில் வறுத்து அரைத்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு சட்னி. அவியலில் வர மிளகாய் அரைத்தால் கூட்டாகிவிடும், அதற்கு அன்றைக்குக் கூட்டே வைத்துவிடலாம்.

வர மிளகாய்க்குத் தூள், தூளுக்கு வர மிளகாய் என்று மாற்றுவதில் இத்தனை சிக்கல் இல்லை. தூள் கேட்கிற குருமாவுக்கு வர மிளகாயை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து விழுதாக அரைத்துக்கொள்ளலாம். குழம்பு கெட்டியாகும், நிறமும் தூளைவிட நன்றாக வரும், ஆனால் எண்ணெய் பிரியும்வரை வதக்கும் பொறுமை வேண்டும். வர மிளகாய் கேட்கிற இடத்தில் தூள் போடுவதானால், காய்ந்த எண்ணெயில் நேரடியாகக் கொட்டாதீர்கள், நொடியில் கருகிக் கசந்துவிடும். வெங்காயம், தக்காளி குழைந்து ஈரம் விட்டபிறகு, தீயைக் குறைத்துப் போடுங்கள். தாளிப்பில் மட்டும் தூள் உதவவே உதவாது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். வீட்டில் இருப்பது தனி மிளகாய்த்தூளா, மில்லில் திரித்த குழம்பு மிளகாய்த்தூளா? பின்னதில் மல்லிதான் பெரும்பங்கு, கூடவே சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், வீட்டுக்கு வீடு துவரம்பருப்போ அரிசியோ. அதில் அரை டீஸ்பூன் போட்டால் காரம் தெரியாது. தெரியும்வரை போட்டால் முட்டைப் பொடிமாஸும் மீன்குழம்பு மாதிரி மணக்கும். குறிப்பு எழுதுகிறவர்கள் பாதிப் பேர் எந்தத் தூள் என்று சொல்வதே இல்லை!

மிளகாயின் ரகமும் கணக்கை மாற்றும். காஷ்மீரி, பியாட்கி இரண்டும் நிறத்துக்கானவை, காரம் கம்மி. குண்டூர் மிளகாய் நன்றாகவே உறைக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாய் தோல் தடித்தது, தாளிப்பிலும் சாம்பாரிலும் முழுதாகப் போட எனக்கு அதுதான் பிடிக்கும். பச்சை மிளகாயிலேயே ஒரே கூறில் ஒன்று வெள்ளரிக்காய் மாதிரியும் இன்னொன்று நெருப்பாகவும் இருக்கிறது, அப்புறம் ‘4’ என்ற எண்ணை மட்டும் நம்பி என்ன செய்வது? நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தால் போதாது, நுனியில் காரம் குறைவு. காம்புப் பக்கம் பாருங்கள்.

மாற்றிப் போட்டு உறைப்பு ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள். கேப்சைசின் எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். தேங்காய்ப்பால், தயிர், அல்லது சாப்பிடும்போது ஒரு கரண்டி நெய் வேலை செய்யும்.

பச்சை மிளகாய் அடிக்கடி தீர்ந்துபோகிற வீடு என்றால், காம்பைக் கிள்ளி, ஈரமில்லாமல் துடைத்து, ஃப்ரீசரில் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கரைந்தபின் தொளதொளவென்று இருக்கும், பஜ்ஜிக்கு ஆகாது. சொதிக்கும் அவியலுக்கும் தாராளமாகப் போதும்.