நிலவேம்புக் குடிநீர்: டம்ளர் கணக்கு வேண்டாம்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து காய்ச்சல். மதுரை கீழமாசி வீதியில் வாங்கிய நிலவேம்புப் பொடியைக் காய்ச்சி மூன்று வேளையும் ஒரு டம்ளர் கொடுக்கிறேன். காலையிலேயே மொத்தமாகக் காய்ச்சி பிளாஸ்க்கில் வைக்கலாமா? கசப்புக்குத் தேன் கலக்கலாமா? நாலு வயது மகனுக்கும் தரலாமா?"

முதலில் அந்த டம்ளரைக் கீழே வையுங்கள் அம்மா. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 60 மி.லி., அதுவும் இரண்டு வேளைதான். நீங்கள் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு.

பொட்டலத்தில் 'நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்' என்று இருக்கிறதா பாருங்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு எல்லாம் சேர்ந்த ஒன்பது சரக்கு அது. வெறும் நிலவேம்புப் பொடி வேறு. ரவை பதத்தில் இருக்க வேண்டும். மாவாக அரைத்தது துணியில் வடியாது, அடியில் வண்டலாக நிற்கும்.

ஒரு வேளைக்கு 5 கிராம் பொடி, 240 மி.லி. தண்ணீர். அது 60 மி.லி. ஆக வற்ற வேண்டும். கண்மதிப்பு ஏமாற்றும். எவர்சில்வர் பாத்திரத்தில் முதலில் 60 மி.லி. மட்டும் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை நட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். மீதி 180 மி.லி.யும் பொடியும் சேர்த்துச் சிறுதீயில் வையுங்கள். நுரைத்துப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் கீறலுக்கு இறங்கியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

பிளாஸ்க் வேண்டவே வேண்டாம். குடிநீருக்குச் சித்த மருத்துவம் சொல்லும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். வேளைக்கு வேளை காய்ச்சுவது சிரமம்தான், வேறு வழியில்லை.

தேனும் பனங்கற்கண்டும் அம்மாவுக்கு ஆகாது. அதைவிட எனக்குக் கவலை மாத்திரைதான். நிலவேம்பு சர்க்கரையை இறக்கக்கூடியது. காய்ச்சலில் சாப்பாடும் இறங்காது. மூன்றும் சேர்ந்தால் வியர்த்துக் கை நடுங்கும், தலை சுற்றும். சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அடிக்கடி பாருங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவர் சரி என்ற பிறகு அடுத்த வேளை கொடுத்தால் போதும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பையனுக்கு எடையும் உடம்பும் பார்க்காமல் அளவு எழுத மாட்டேன். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு, அங்கே காட்டுங்கள்.

குடிநீர் கொடுக்கிறோமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து கூடும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் இதில் ஒன்று தெரிந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.