ஈவா ஃபோம் கவசம் பிரிகிறது, பெயின்ட் வெடிக்கிறது: காரைக்குடி நண்பருக்கு

வீரன் வேடத்துக்காக முற்றத்தில் உட்கார்ந்து 10 மி.மீ. ஈவா ஃபோமில் (மெத்தென்று வளையும் நுரைத் தகடு) செய்த மார்புக் கவசம் தோள் ஓரத்தில் பிரிகிறது, குனிந்தால் பெயின்ட் வெடிக்கிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

பிரிவதற்கு வெயில்தான் காரணமாக இருக்கும். ரப்பர் பசையை முற்றத்து வெயிலில் பூசினால் பால் மாதிரி மேலே ஆடை கட்டிவிடும், அடியில் ஈரம் நிற்கும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஒட்டாது. தாழ்வார நிழலில், காற்றோட்டமாக வைத்து, பழைய பசையை உரசி எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். வெட்டிய ஓரம் பசையைக் குடிக்கும், அதனால் இன்னொரு கோட். 10, 15 நிமிடம் கழித்து விரல் வைத்தால் பிசுபிசுக்கணும், பசை விரலோடு வரக்கூடாது. ஒரே தடவையில் சேர்த்து அழுத்துங்கள். பிறகு நகர்த்தித் திருத்த முடியாது.

பெயின்டுக்கு முன் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினீர்களா? மங்கலான மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்வரை, ஓரிடத்தில் நிறுத்தாமல். அப்புறம் வெள்ளை ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, 4 கோட். மேலே அக்ரிலிக். எனாமல் வேண்டவே வேண்டாம், வளையாது.

பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோகும்போது உள்ளே துணியைத் திணியுங்கள், நசுங்காது.

வேடத்தில் வீரனாக நிற்பதற்கு: கவசம், ஹெல்மெட்டோடு வீட்டிலேயே 20 நிமிடம் நடந்து பாருங்கள். கை எவ்வளவு உயர்கிறது என்று தெரிந்தபின் மூன்று போஸ் முடிவு செய்தால் போதும். கை உயராத கவசத்தோடு வாள் ஓங்கினால் தோள் இணைப்புதான் முதலில் போகும்.