பதின்ம வயதினருக்கு நடுப்பக்கம் மட்டும் போதுமா?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் பகுதிக்கென்று ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறேன். டேப்ளாய்டு அளவு, எட்டுப் பக்கம், முதலும் கடைசியும் மட்டும் கலர். வாசகர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் கையில் எடுப்பதே இல்லை. என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. "மாமா, உங்க பேப்பர்ல எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக நடுப்பக்கம் இரண்டையும் கலராக்கி, அவர்கள் பேசுகிற மொழியில், எமோஜி எல்லாம் போட்டு ஓர் இணைப்பு தொடங்கலாம் என்றிருக்கிறேன். 'யூத் பக்கம் வந்தால் விளம்பரம் தருகிறோம்' என்று சிலர் சொல்கிறார்கள். லேஅவுட் எப்படி இருக்க வேண்டும்? விளம்பரங்களை எப்படி வடிவமைப்பது? பெயருக்கு 'இளமைத் துள்ளல்', 'டீன் ஜங்ஷன்', 'நாங்க நாங்கதான்' என்று மூன்று வைத்திருக்கிறேன். எது நன்றாக இருக்கும்?

பதில்: எமோஜியை முதலில் ஓரமாக வையுங்கள். அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நாற்பது வயதுக்காரர் பதினைந்து வயதுக்காரர் மாதிரிப் பேச முயற்சி செய்வதை அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் மொழி மாதத்துக்கு ஒருமுறை மாறும், நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை அச்சடிக்கிறீர்கள். ஓடிப் பிடிக்க முடியாது.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். பல வருடம் முன்பு ஒரு பத்திரிகைக்கு இளைஞர் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறப் பின்னணி, மேலே வெள்ளை எழுத்து, சாய்த்து வைத்த தலைப்பு, ஓரமெல்லாம் நட்சத்திரம். திரையில் பார்த்தபோது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அச்சாகி வந்தபோது காகிதத்தில் மை ஊறி, 'ண', 'ழ' எழுத்துகளின் சுழிகளெல்லாம் அடைத்துப்போய், நாலு வரிக்கு மேல் யாரும் படிக்க முடியாத ஒன்றாகக் கிடந்தது. அதை ஒரு பதினாலு வயதுப் பையனிடம் நீட்டினேன். மரியாதைக்கு ஒரு நொடி பார்த்தான். அப்புறம் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் பொடி எழுத்தில் கிடந்த உள்ளூர்க் கால்பந்துப் போட்டி முடிவுகளை விரல் வைத்து வரிவரியாகத் தேடினான். படம் கிடையாது, கலர் கிடையாது. அவன் அணி தோற்றிருந்தது. கோல் அடித்தவன் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று வேறு சொன்னான்.

உங்கள் அக்கா மகள் கேட்ட கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. உலகக் கோப்பையில் யார் ஜெயித்தார்கள் என்பது அவள் கைபேசிக்கு உங்களுக்கு முன்பே தெரியும், நடிகர் செய்தியும் தெரியும். பக்கத்துத் தெரு மைதானத்தில் சனிக்கிழமை நடந்த போட்டியில் என்ன ஸ்கோர், விளையாட்டுத் திடலுக்கு ஏன் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், பள்ளி விடும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்த பேருந்தை நிறுத்தியது யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உங்களால் சொல்ல முடியும். ஆகவே அந்த வயதுக்காரர்களுக்கென்று இரண்டு பக்கத்தை ஒதுக்கிவிட்டு மீதி ஆறில் அவர்கள் இல்லாத மாதிரி எழுதினால், அந்த இரண்டும் ஒட்டாமல் தொங்கும். இணைப்பு தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் முதல் பக்கத்திலும் வாரம் ஒரு செய்தியாவது அவர்களைத் தொட வேண்டும்.

செய்தியை எழுதும் விதமும் வடிவமைப்பில் சேர்த்திதான். 'நூலகத்தின் வேலை நேரம் மாற்றியமைக்கப்பட்டுள்ளதாக நிர்வாகம் தெரிவித்துள்ளது' என்பதை எந்த எழுத்துருவில் போட்டாலும் அது சுற்றறிக்கைதான். 'தேர்வு முடியும் வரை நூலகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்' என்று தலைப்பு வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம், வேண்டியவள் கத்தரித்து வைத்துக்கொள்வாள்.

பிரான்சில் 1995 முதல் 'மோன் கொத்திதியேன்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஒரு தினசரி வருகிறது. பத்து நிமிட வாசிப்பு என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். இன்னொன்றும் செய்கிறார்கள்: ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கு வாசகப் பிள்ளைகளை வரவழைத்து, எந்தச் செய்தி போகலாம் என்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதை நீங்களும் அடுத்த வாரமே செய்யலாம், செலவு கிடையாது. நாலு பேரைக் கூப்பிடுங்கள், முடிந்தால் அக்கா மகளோடு ஒத்துப்போகாத இரண்டு பேர் அதில் இருக்கட்டும். 'என்ன போடலாம்' என்று மொட்டையாகக் கேட்டால் மௌனம்தான் கிடைக்கும். இந்த வாரச் செய்திப் பட்டியலை மேசையில் விரித்து, எதை எடுக்கலாம், எதைத் தூக்கலாம் என்று கேளுங்கள். வாய் தானாகத் திறக்கும். அவர்கள் எழுதினால் பைலைன் கொடுங்கள். தன் பெயர் அச்சில் வந்த பக்கத்தை எந்தப் பிள்ளையும் தூக்கிப் போடுவதில்லை.

சரி, லேஅவுட்டுக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு நல்ல சொத்து இருக்கிறது: பத்திரிகையிலேயே நடுப்பக்கம் இரண்டும்தான் ஒரே தாள், மடிப்பைத் தாண்டிப் படம் ஓடலாம். அங்கே பன்னிரண்டு குட்டிச் செய்திகளை நெருக்கி அடுக்காமல், ஒன்றே ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள், அது வரைபடமோ, போட்டி அட்டவணையோ, ஒரு நல்ல ஆக்‌ஷன் படமோ, பிரித்துச் சுவரில் ஒட்டுகிற மாதிரி. ஒட்டினால் அதன் முதுகில் இருக்கிற 3, 6 பக்கங்களும் சுவரோடு போய்விடும் என்பதை மறக்காதீர்கள், தாத்தா படிக்கிற தொடரை அங்கே வைத்து வீட்டில் சண்டை மூட்டிவிட வேண்டாம்.

செய்திகளை ஒரே நீளமாக வெட்டாதீர்கள். அந்த வயதுக்காரர்கள் நீளமாகப் படிக்க மாட்டார்கள் என்பது பெரியவர்கள் கட்டிவிட்ட கதை, பிடித்த விஷயம் என்றால் ராத்திரி ஒரு மணி வரை படிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உள்ளே நுழைய நிறைய வாசல்கள்: நல்ல படக்குறிப்பு, கேள்வி பதிலாக ஒரு பேட்டி, 'இதுவரை நடந்தது' என்று நாலு வரியில் ஒரு பெட்டி. 1982-ல் அமெரிக்காவில் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் வந்தபோது கலர் வானிலை வரைபடம், குட்டிச் செய்தி, குட்டிப் புள்ளிவிவரப் படம் என்று போட்டதைப் பார்த்து மற்ற பத்திரிகைக்காரர்கள் 'மெக்பேப்பர்', அதாவது மெக்டொனால்ட்ஸ் துரித உணவு மாதிரி ஒரு பேப்பர், என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்த பல பேர் பிறகு அதையே எடுத்துக்கொண்டார்கள்.

கலரில் எச்சரிக்கை வேண்டும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் ஒரே இடத்தில் விழும் அளவைக் கூட்டினால் (ஒவ்வொன்றுக்கும் உச்சம் 100) 240 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பக்கத்தில் ஒட்டும். வாசிக்க வேண்டிய எழுத்து எப்போதும் தனிக் கறுப்பில். நாலு மையில் அடித்தால் ரெஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது, கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். வெள்ளை எழுத்து ஆசை விடவில்லை என்றால் தலைப்போடு நிறுத்துங்கள், அதுவும் தடித்த எழுத்தாக. எழுத்துரு இரண்டு போதும். படங்களைப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது சுருக்கி அனுப்பிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சிடும் அளவில் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) இருந்தால் இந்தக் காகிதத்துக்குத் தாராளம்.

இனி விளம்பரம். உங்கள் விளம்பரதாரர்கள் ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்: படிப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். ஒரு பயிற்சி வகுப்புக்காரர் 'உங்கள் பிள்ளையின் எதிர்காலம் எங்கள் கையில்' என்று விளம்பரம் தந்தால் அது பெற்றோருக்கு எழுதியது, அதை இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் அது வந்தால் பக்கம் முழுக்க அப்பா குரல் கேட்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கிட்டார் வகுப்பு விளம்பரம் என்று வையுங்கள். வழக்கமாக எப்படி வரும்? மேலே 'மாணவர்களே! அரிய வாய்ப்பு!!', நடுவில் இணையத்தில் எடுத்த, சிரிக்கும் அந்நிய முகங்கள் மூன்று, கீழே நிறுவனர் படம், அவர் பட்டங்கள், நாலு தொலைபேசி எண்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 'கிட்டார் இல்லையா? பரவாயில்லை, வா.' அடுத்த வரியில் 'சனிக்கிழமை காலை 10 மணி. முதல் வகுப்பு இலவசம். இங்கேயே கிட்டார் தருகிறோம்.' இடம், ஓர் எண், சுற்றிலும் வெற்றிடம். படம் வேண்டுமென்றால் அங்கே கற்றுக்கொள்கிற ஒரு பிள்ளையின் கைவிரல்கள் தந்தியில் இருக்கிற மாதிரி ஒன்று போதும், முகம்கூட வேண்டாம். வெற்றிடத்துக்கும் சேர்த்தா காசு கொடுக்கிறேன் என்று விளம்பரதாரர் கேட்பார். ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான், கண் அங்கே நிற்பதே அதனால்தான் என்று சொல்லுங்கள்.

க்யூஆர் கோடு போடலாம். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கக் கண்டுபிடித்தது, இன்றைக்கு எல்லா மூலையிலும் நிற்கிறது. பக்கத்துக்கு ஒன்று போதும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக, சுற்றி வெள்ளை இடம் விட்டு, மடிப்பில் விழாமல் வையுங்கள். ஸ்கேன் செய்தால் கைபேசியில் நேராக அந்த விஷயமே திறக்க வேண்டும். முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் மறுமுறை ஸ்கேன் செய்ய மாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். ஒன்று, காசு வாங்கிப் போடுகிற எதிலும் 'விளம்பரம்' என்ற சொல் தலைப்புக்கு மேலேயே, படிக்கிற அளவில் இருக்க வேண்டும். செய்தி மாதிரி அதே எழுத்துருவில் எழுதி, கீழ் மூலையில் எறும்பு அளவில் போடுவது பெரியவர்களிடமே நியாயம் இல்லை, பிள்ளைகளிடம் அது ஏமாற்று. மது, புகையிலை, சூதாட்டம், ஒல்லியாக்கும் மருந்து, சிவப்பாக்கும் கிரீம், இவை எவ்வளவு கொடுத்தாலும் இந்தப் பக்கங்களில் வேண்டாம். மதுக் கம்பெனிக்காரர்கள் 'அதே பெயரில் சோடா' என்று வருவார்கள், அதுவும் வேண்டாம். இரண்டாவது, பிள்ளைகளின் படம் போடும்போது பெற்றோர் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பெயர், பள்ளி, தெரு மூன்றும் ஒன்றாக அச்சில் வரக் கூடாது. வயசுக் குறும்பில் சொன்ன ஒரு வரி பத்து வருடம் கழித்தும் தேடலில் வரும், அதனால் பேட்டி கொடுத்தவரிடம் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

முதல் இதழை அச்சடிக்கும் முன் ஒரு பிரின்ட் எடுத்து, உங்களைத் தெரியாத ஐந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கு அங்கிள்' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேசாமல் கண்ணையும் கையையும் பாருங்கள். எங்கே நின்றது, எதைத் தாண்டியது, எப்போது கைபேசியை எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெண்டு நிமிடம் கழித்துத் தாளை மடித்து வாங்கிக்கொண்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விளம்பரம் ஒன்றாவது ஞாபகம் இருந்தால், அடுத்த முறை விளம்பரதாரரிடம் போகும்போது உங்களுக்குப் பேச ஏதோ இருக்கும்.

பெயர் விஷயம். அதை அந்த நாலு பேரிடம் விட்டுவிடுங்கள். 'இளமைத் துள்ளல்' என்பதை மட்டும் அவர்களிடம் காட்டிவிடாதீர்கள், அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள்.