முழங்காலின் பின்பக்கம்: கேள்விகளும் பதில்களும்

மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பவன் நான். என் இடம் பிணக்கூடத்து மேசை. கெண்டைக்கால் எப்படி அமைந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன், மாத்திரை கேட்டால் சொல்ல மாட்டேன். இன்னொன்று: சிரை, தமனி, தசைநாண், நிஜமான நரம்பு எல்லாவற்றையும் நாம் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் எங்கே வலி, எப்போது வலி என்று சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: சார், முதலாண்டு மாணவி. எங்கள் மேசையில் இடது காலில், முழங்காலுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாண்டாரிஸ் தசையே இல்லை. நாங்கள் அறுத்துக் கெடுத்துவிட்டோமா?

பதில்: இல்லையம்மா, கத்தி மேல் பழி போடாதீர்கள். ஏறத்தாழ பத்துக் கால்களில் ஒன்றில் அது இருக்காது. இருந்தால் விரல் நீளத்துக்குச் சின்னச் சதை, அதிலிருந்து கெண்டைச் சதைக்கும் அதன் அடியிலுள்ள சோலியஸ் தசைக்கும் நடுவே குதிகால் வரை இறங்கும் நீளமான, பளபளக்கும் ஒரு நாண். அதைச் சாமணத்தால் தூக்கி, "சார், நரம்பு கிடைத்துவிட்டது!" என்று வருடா வருடம் யாராவது கூவுவார்கள். அந்த நாண் இல்லாவிட்டால் நடைக்கு நஷ்டமில்லை. கை அறுவையில் ஒட்டுப்போடக்கூட எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: பேட்மின்டன் ஆடும்போது கெண்டைக்காலில் யாரோ கல்லெறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. வயது 43.

பதில்: திரும்பிப் பார்த்தேன் என்கிறீர்களே, அதுதான் அடையாளம். பழைய புத்தகங்கள் பிளாண்டாரிஸ் அறுந்தது என்று எழுதும். பெரும்பாலும் கிழிவது கெண்டைச் சதையின் உட்புறத் தலை, அதாவது அது மேலே தொடங்கும் இரண்டு பிரிவுகளில் உள்பக்கத்தது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள்.

கேள்வி: நரம்பு சுருட்டுக்கு என்ன சாப்பிடலாம்?

பதில்: அது நரம்பல்ல, புடைத்த சிரை. சாப்பாட்டில் சரியாகாது. ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 24, ஓட்டக்காரன். ஒரே தூரத்தில் கெண்டைக்கால் இறுகிப் பாதம் மரத்துப்போகிறது. நின்றால் சில நிமிடத்தில் சரியாகிறது. சிகரெட் கிடையாது.

பதில்: தம்பி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கருவில் கெண்டைச் சதையின் உட்புறத் தலை முழங்காலுக்குப் பின்னால் நகர்ந்து தன் இடத்துக்கு ஏறும். அந்த நேரத்தில் தமனி அதன் வழியில் கிடந்தால், தசை அதையும் உள்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். சிலருக்குக் கூடுதலாக ஒரு தசைப்பட்டை முளைத்துத் தமனியின் குறுக்கே கிடக்கும். ஓடும்போது தசை இறுக, குழாய் நசுங்கும். 1879இல் எடின்பரோவில் ஆண்டர்சன் ஸ்டூவர்ட் என்ற மாணவர், அழுகிப்போய் வெட்டி எடுத்த 64 வயதுக்காரரின் காலைப் பிரித்துப் பார்த்து இதை எழுதிவைத்தார். 1959இல் நெதர்லாந்தின் லைடனில் 12 வயதுப் பையனுக்கு அறுவை செய்து சரிசெய்தார்கள். முழங்கால் பின்தமனி சிக்குதல் (popliteal artery entrapment) என்று பெயர் வந்ததே 1965இல்தான். வருடக்கணக்கில் நசுங்கினால் குழாயின் சுவர் தடித்து அடைத்துக்கொள்ளும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். தசை உறை இறுக்கத்திலும் இதே வலி வரும், எதுவென்று ரத்தக்குழாய் மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

கேள்வி: நான் உடற்பயிற்சி ஆசிரியர். முன்பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னால் என் மாணவர்கள் பலருக்குப் பாதத்தில் நாடி நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் இதே நோயா?

பதில்: இல்லை. பலமாக அழுத்தினால் வலியே இல்லாதவர்களிலும் சுமார் பாதிப் பேருக்கு டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) தமனி நசுங்குவது தெரியும்.

கேள்வி: அப்படியானால் அந்தச் சோதனை எதற்கு? பிறகு ஏன் அறுவை செய்கிறார்கள்?

பதில்: சோதனை மட்டும் போதாது என்றுதான் சொல்கிறேன். ஓடினால் வலி, ஓடி முடித்ததும் கணுக்காலில் ரத்த அழுத்தம் இறங்குகிறது, எம்ஆர்ஐயில் தசை இடம் மாறியிருக்கிறது: இவை சேர்ந்தால்தான் பேச்சு.

கேள்வி: தசை சரியான இடத்தில் இருந்தும் வலித்தால்?

பதில்: பிடித்துவிட்டீர்கள். பருத்த தசையே நசுக்கும் வகை ஒன்று உண்டு. அதில் கத்தி வைக்கலாமா என்று அறுவை மருத்துவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். வலியில்லாத காலில் கத்தி வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

கேள்வி: என் அக்காவுக்கும் நரம்பு சுருட்டு. முழங்காலுக்குப் பின்னால் மட்டும் புடைக்கிறது.

பதில்: மேலே சொன்ன பதில்தான். ஒன்று மட்டும்: பின்கால் சிறு சிரை ஆழ்சிரையோடு சேரும் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் டாப்ளர், அப்புறம் மற்றது. நீவ வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 70. முழங்கால் மடிப்பில் கட்டி. வலி இல்லை.

பதில்: மூட்டு நீர்க்கட்டியாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கை வைத்தால் துடிக்கிறதா? துடித்தால் தமனி வீக்கம். வழக்கமாக 8 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் 2 சென்டிமீட்டரைத் தொட்டால் சரிசெய்வதைப் பற்றி யோசிப்பார்கள். ஏனென்றால் வெடிப்பதைவிட, உள்ளே ரத்தம் உறைந்து கால் போவதுதான் இதில் அதிகம். பாதிப் பேருக்கு மறுகாலிலும் இருக்கும், வயிற்றுப் பெருந்தமனியையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரசவம் முடிந்து பத்து நாள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. மாமியார் எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார்.

பதில்: நீவாதீர்கள் அம்மா. ஆழ்சிரையில் ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: சார், நரம்பு சுருட்டுக்கு…

பதில்: மேலே இரண்டு முறை.

கேள்வி: உடற்பயிற்சி ஆசிரியர்தான் மறுபடியும். அந்த 24 வயதுத் தம்பியைப் போலவே என் மாணவன் ஒருவன், 22 வயது. சிகரெட் பிடிப்பான்.

பதில்: பாதத்தில் ஆறாத புண் இருக்கிறதா, விரல் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இளம் வயதில் புகையிலையால் குழாய் அடைக்கும் நோய் வேறு ஒன்று உண்டு. அதில் கெண்டைச் சதையின் மேல் குற்றமில்லை.